மூன்று சென்ட் மனையும் கல்வராயன் மலையும்

"அம்மா, ஊர்ல இருக்கிற அந்த மூணு சென்ட்டை வித்துடலாமா?"

மகள் இப்படிக் கேட்டபோது நான் அடுப்பருகில் நின்று ரசம் நுரை கட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரசம் பொங்கி வழிந்தே போய்விட்டது. கள்ளக்குறிச்சி மனையை அதுவரை நான் ஒரு சொத்தாக நினைத்ததே இல்லை. அப்பா போட்ட தோடு மாதிரி அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். என் மகளும் மாப்பிள்ளையும் சென்னையில் வேலை பார்க்கிறார்கள். அவருக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் மாதம் 55,000. அவளுக்கு ஒரு தனியார் அலுவலகத்தில் 32,000. ஆக 87,000. எங்கள் காலத்தில் இந்தத் தொகையைக் கேட்டிருந்தால் மயக்கமே வந்திருக்கும். அவர்களுக்கோ வாடகை 18,000, பெட்ரோல், மளிகை, கல்யாணக் கடனில் மிச்சம் என்று போய், மாதக் கடைசியில் கையில் நிற்பது சொற்பம். இந்த நிலையில் மகளுக்கு நாலாவது மாதம். குழந்தை பிறப்பதற்குள் சொந்த வீடு வேண்டும் என்று இருவரும் கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு அடுக்குமாடி வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். விலை 62 லட்சம்.

நான் பள்ளி இறுதி வகுப்போடு நின்றவள். ஆனாலும் இருபத்தாறு வருஷம் சீட்டும் சிட்டையுமாகக் குடித்தனம் நடத்தியதில் கணக்கு மட்டும் தவறாது. அன்றிரவு பழைய காலண்டர் தாளின் பின்புறம் போட்டுப் பார்த்தேன். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை உள்ள வீட்டுக் கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அப்படியானால் கடன் 49 லட்சத்து 60 ஆயிரம். மீதி 12 லட்சத்து 40 ஆயிரம் நம் கையிலிருந்து. பத்திரச் செலவு வேறு. எல்லாம் சேர்த்து 17 லட்சமாவது வேண்டும். அவர்கள் சேர்த்து வைத்திருப்பது 4 லட்சம். துண்டு விழும் 13 லட்சத்துக்குத்தான் என் மூன்று சென்ட்.

அது மட்டுமில்லை. எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை 43,000 வருகிறது. முதல் மாதத் தவணையில் 35,000 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 8,000 கூட இல்லை. இருபது வருஷம் கட்டி முடிக்கும்போது வாங்கிய 49 லட்சத்து 60 ஆயிரத்துக்குக் கொடுத்தது ஒரு கோடியே 3 லட்சம். பிரசவ விடுப்புக்கு 26 வாரம் சம்பளம் உண்டு, 2017-ல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள், சரி. அதற்கப்புறம் குழந்தையை விட்டுவிட்டு அவளால் உடனே போக முடியாவிட்டால்? 55,000-த்தில் 43,000 போனால் மூன்று உயிருக்கு மிச்சம் 12,000.

இதை நான் சொன்னால், "அம்மாவுக்கு மனையைக் கொடுக்க மனசில்லை" என்றுதான் ஆகும். கொஞ்சம் அதுவும் உண்மைதானே! என் பையன் இன்னும் பிளஸ் டூ தாண்டவில்லை. மனை ஒன்று, பிள்ளைகள் இரண்டு. ஆகவே, "முதல்ல போய்ப் பார்த்துட்டு வரலாம்" என்று மட்டும் சொன்னேன். என்னவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மகள், மாப்பிள்ளை, நான் மூவரும் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினோம். கர்ப்பிணிப் பெண்ணுக்குப் பின்பக்க சீட் ஆகாது. முன்னால் மூன்றாவது வரிசையாகப் பார்த்துப் பிடித்தோம். எலுமிச்சை சாதம், நார்த்தங்காய், பெரிய பாட்டில் தண்ணீர் கையோடு.

கள்ளக்குறிச்சி என்றதும் பக்கத்து வீட்டு அம்மாள், "அந்தச் சாராயம் குடிச்சு செத்தாங்களே, அந்த ஊரா?" என்று கேட்டாள். 2024 ஜூனில் அறுபது பேருக்கு மேல் போனார்கள், உண்மை. ஆனால் எனக்கு அது அரிசி மில் புகையும், கரும்பு வண்டியும், மர வேலைக்காரர்களின் உளிச் சத்தமும் உள்ள ஊர். நான் பாவாடை கட்டிய நாளில் அது தென்னாற்காடு மாவட்டம். 1993-ல் விழுப்புரம் மாவட்டமாயிற்று. 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டம். விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை, தியாகதுருகம் என்று தாண்டி ஊர் எல்லைக்கு வந்தால் எனக்கு அடையாளமே தெரியவில்லை. கரும்பும் நெல்லும் இருந்த இடத்திலெல்லாம் வண்ணக் கொடி நட்டு, கல் ஊன்றி, 'நகர்', 'கார்டன்' என்று பலகை. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது. டாக்டர்கள், அதிகாரிகள், எழுத்தர்கள் என்று குடிவர, வாடகையும் ஏறியிருக்கிறது. சென்னையில் நடந்த கதைதான், சின்ன எழுத்தில்.

அண்ணன் வீட்டில் சாப்பாடு முடித்து மாலையில் மனைக்குப் போனோம். அப்பா 1989-ல் வாங்கியது. அப்போது சுற்றிலும் வேலிக்காத்தான். இன்று இரண்டு பக்கமும் மாடி வீடுகள். நடுவில் எங்கள் மூன்று சென்ட் மட்டும் எருக்கும் குப்பையுமாக, பல் விழுந்த இடம் மாதிரி இருந்தது. தரகர் ஒருவர் எங்கிருந்தோ முளைத்தார்.

"ஜில்லா ஆனதுக்கப்புறம் இந்தப் பக்கம் சதுர அடி 1,200-க்குக் குறைஞ்சு கிடையாதும்மா. நீங்க சரின்னு சொன்னா நாளைக்கே அட்வான்ஸ்."

ஒரு சென்ட் 436 சதுர அடி. மூன்று சென்ட் 1,308. மாப்பிள்ளை போனில் தட்டிப் பார்த்து, "பதினஞ்சு லட்சத்து எழுபதாயிரம் அத்தை" என்றார் மெதுவாக. அந்தக் குரலில் இருந்த ஆசையைக் கேட்டபோது எனக்கே மனசு இளகிவிட்டது.

ஆசைக்குக் காரணம் இருக்கிறது. அவருடைய அப்பா ஆயுள் முழுக்க வாடகை வீட்டில் இருந்தவர். ஒன்பது வீடு மாறினார்களாம். ஒரு வீட்டில் ஆணி அடித்ததற்கு ஒரு மாத அட்வான்ஸைப் பிடித்துக்கொண்டார்களாம். "என் பிள்ளை சுவத்துல கிறுக்கினா யாரும் எதுவும் சொல்லக்கூடாது அத்தை" என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை சொன்னார். இதை எப்படி மறப்பது?

அண்ணன் தரகரை அனுப்பிவிட்டுத் தன் பாட்டில் சொன்னார்: "வித்த காசு நிக்காது. அப்புறம் உன் இஷ்டம்." பிறகு அவரே ஒரு விஷயத்தை நினைவுபடுத்தினார். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது பலருக்கு நினைவிருக்கும். அதன் பின் 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தபோது அண்ணன்தான் எனக்காகப் பணம் கட்டி இந்த மனையை ஒழுங்கு செய்து வைத்தவர். இல்லாவிட்டால் இன்று வீடு கட்ட அனுமதி கிடைக்காது. மனை வாங்கப் போகிற சகோதரிகள் விலை கேட்பதற்கு முன் இந்த அங்கீகாரத்தைக் கேளுங்கள். 30 வருஷத்து வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா மூன்றையும் கண்ணால் பாருங்கள். மனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் ஆகும். 10 லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இந்தச் சலுகை இருக்கிறது. வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

இரவு திண்ணையில் அம்மா அந்தக் காலக் கதையை எடுத்தார். அப்பா அரிசி மில்லில் கணக்கு எழுதியவர். சம்பளம் 1,400. மனை 9,000. "ரெண்டு தீபாவளிக்கு எனக்குப் புடவை இல்ல. சைக்கிள்ல டைனமோ கெட்டுப் போச்சு, அதை மாத்தாம இருட்டுலேயே ஓட்டினாரு உங்கப்பா."

மாப்பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தவர், "ஆறரை மாசச் சம்பளம்" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். "தாத்தாவுக்கு இந்த மனை ஆறரை மாசச் சம்பளம். இதே மனை இன்னிக்கு எனக்கு இருபத்தெட்டு மாசச் சம்பளம். நாங்க பார்த்த வீடு, ரெண்டு பேர் சம்பளத்தையும் ஒரு பைசா தொடாம வெச்சா ஆறு வருஷம்."

அம்மாவுக்கு அது புரிந்ததோ இல்லையோ, "நாங்களும் சோறு தின்னுக்கிட்டுத்தான் சேர்த்தோம்" என்றார்.

அடுத்த வீட்டுப் பையன் ஒருவன் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துவிட்டு விடுமுறையில் வந்திருந்தான். அவனும் பேச்சில் சேர்ந்துகொண்டான். அங்கே 1960-ல் ஆரம்பித்த வீட்டு வசதி வாரியம் அரசாங்கமே அடுக்குமாடி கட்டிக் கொடுக்கிறதாம்; குடிமக்களில் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேர் அந்த வீடுகளில்தான். சம்பளத்தில் பிடிக்கும் சேமநிதியை வைத்தே வீட்டுத் தவணை கட்டலாமாம். "நான் அந்த வீடுங்களைத்தான் கட்டறேன் அக்கா. நான் படுக்கறது விடுதில, ஒரு ரூமுக்குப் பன்னண்டு பேர்" என்று சிரித்தான். நம் ஊரிலும் 1961 முதல் வீட்டு வசதி வாரியம் இருக்கிறது. சென்னையில் அண்ணா நகர், கே.கே. நகர், பெசன்ட் நகர் என்று அது போட்ட மனைகளிலும் வீடுகளிலும் எத்தனையோ நடுத்தரக் குடும்பங்கள் தலை தூக்கின. அந்த இடங்களில் இன்று ஒரு வீட்டின் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

மறுநாள் கல்வராயன் மலைக்குப் போகிற திட்டமே எங்களுக்கு இல்லை. அண்ணன் மகள் மலையில் அரசு நர்ஸாக இருக்கிறாள். "ஊருக்கு வந்துட்டு மலைக்கு வராம போவீங்களா அத்தை?" என்று போனில் பிடித்துக்கொண்டாள். மகளை வளைவு ரோட்டில் கூட்டிப் போக எனக்கு மனமில்லை. அவள் பாட்டியோடு இருந்துவிட்டாள். ஆக மாமியாரும் மாப்பிள்ளையுமாக நாங்கள் இருவர். நம் வீடுகளில் இது கொஞ்சம் சங்கடமான ஜோடிதான். பாதி தூரம் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், நான் என் பையைப் பார்த்தேன்.

கச்சிராயபாளையம் வரை சமவெளி. அங்கே கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அரைக்கும் பருவத்தில் போனால் வெல்லப் பாகு வாசனை பஸ்ஸுக்குள் வரும். அதைத் தாண்டினால் கோமுகி அணை. 1965-ல் கட்டியது. மலையடிவாரத்தில் அமைதியாகக் கிடக்கிறது. அங்கிருந்து ஏற்றம். எடுத்துவைத்த நார்த்தங்காய் இங்கேதான் உதவியது. மலையில் ஏற ஏறக் காற்று குளிர்ந்து, இருபுறமும் மரவள்ளி வயல், நடுநடுவே பலா, ராகி, சாமை. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டாகச் சொல்வார்கள். கடுக்காய்க்குப் பேர்போன மலை. எங்கள் அம்மா குழந்தைகளுக்கு உரைத்துக் கொடுத்த கடுக்காயெல்லாம் இங்கிருந்து இறங்கியதுதான். ஏற்காடு, ஊட்டி மாதிரி ஓட்டல்களும் பூங்காக்களும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். வெள்ளிமலையில் சில கடைகள், டீக்கடை, அவ்வளவுதான். பெரியார் அருவி வழியிலேயே வரும். நாங்கள் போனபோது தண்ணீர் கொஞ்சம்தான். மழைக்குப் பிறகு போனால் நன்றாக இருக்குமாம். குழந்தைகளோடு போகிறவர்கள் பாலும் பிஸ்கட்டும் மாத்திரையும் கீழேயே வாங்கிக்கொள்வது நல்லது.

அண்ணன் மகள் ஊர் வெள்ளிமலைக்கு அப்பால். எங்களைப் பார்த்ததும் ஓடி வந்து, "என் பங்களாவைப் பாருங்க" என்று கூட்டிப் போனாள். ஓர் அறை. மூன்று கட்டில். அவளும் இரண்டு டீச்சர்களும். ஒரே ஸ்டவ், ஒரு கயிற்றில் மூன்று பேர் துணி. வாடகை மூன்று பேருக்குமாக 2,500.

"இவ்வளவு மலிவா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"மலிவுதான் அண்ணா. ஆனா வேற வீடே கிடையாது. ரெண்டு வருஷமாத் தேடறேன். கல்யாணம் ஆனா எங்கே குடித்தனம் வைக்கிறது? அதனால பாதிப் பேர் கீழேயிருந்து தினம் வந்து போறாங்க. கடைசி பஸ்ஸை விட்டா அவ்வளவுதான்."

இது எனக்குப் புதிராக இருந்தது. சென்னையில் வீடு இருக்கிறது, எட்டவில்லை. இங்கே எட்டுகிறது, வீடு இல்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தாம்பரம், கூடுவாஞ்சேரி, விழுப்புரம் போன்ற ஊர்களில் அரசின் 'தோழி' விடுதிகள் வந்திருக்கின்றன. மலை மேல் யாரைக் கேட்பது? இவ்வளவு இடம் கிடக்கிறதே, நாலு வீடு கட்டி வாடகைக்கு விட்டால் என்ன என்று நான் கேட்டேன். பதிலை அவள் சொல்லவில்லை. மத்தியானம் நாங்கள் சாப்பிடப் போன வீட்டுப் பாட்டி சொன்னார்.

அந்தப் பாட்டிக்கு அண்ணன் மகள் பிரசவம் பார்த்த வகையில் பழக்கம், மருமகளுடைய பிரசவம். சாமைச் சோறும், அவரைக் கொட்டைக் குழம்பும் போட்டார். சாமைச் சோறு இவ்வளவு மெத்தென்று இருக்குமா என்று கேட்டதற்கு, "உரல்ல குத்தினது, மில்லுல அரைச்சதில்ல" என்றார். வாசலில் பாதி எழும்பிய சுவர் ஒன்று நின்றது. மூத்த மகனுக்கு அரசாங்க வீடு. 'கலைஞரின் கனவு இல்லம்' என்று 2024-ல் தொடங்கிய திட்டம். 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம், வேலை ஏற ஏறத் தவணையாகக் கொடுப்பார்கள். செங்கல்லும் சிமெண்டும் மலை ஏறி வர வேண்டும் என்பதால் லாரி வாடகை தனிக் கதை. இளைய மகன் இன்னும் மண் சுவர், கூரை வீட்டில்.

"அவனுக்கு வரலியா?" என்றேன்.

"மூத்தவன் இருக்கிற இடத்துக்குப் பட்டா இருக்கு. சின்னவன் இருக்கிறது காட்டு ஓரம். என் மாமனார் காலத்துல இருந்து நாங்கதான் உழுவறோம். காயிதம் மட்டும் இல்ல. காயிதம் இல்லாட்டி வீடும் இல்ல, பேங்கும் இல்ல."

இந்த 'காயித'த்துக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. இந்த மலையாளிப் பழங்குடி மக்கள் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று வழிவழியாகச் சொல்லிக்கொள்கிறார்கள். பெயரைப் பார்த்து கேரளத்துக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். மலையை ஆள்கிறவர்கள் என்பதால் மலையாளி. மலை முழுதும் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்களின் கையில் இருந்தது. ஜனங்கள் அவர்களுக்கு வரி கட்டி, உழைப்பும் கொடுத்தார்கள். 1976-ல்தான் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நாடு சுதந்திரம் அடைந்து 29 வருஷத்துக்கப்புறம்! அதன் பிறகும் எது பட்டா நிலம், எது வனம் என்ற சிக்கல் பல குடும்பங்களுக்குத் தீரவில்லை. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வன நிலத்தில் இருக்கும் பழங்குடிகள் உரிமை கேட்கலாம் என்று 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2024 சாராயச் சாவுகளுக்குப் பின் இம்மலை மக்களின் நிலைமையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே எடுத்து விசாரித்தது. பாட்டியின் இளைய மகனும் மனு எழுதிக் கொடுத்திருக்கிறான்.

மாப்பிள்ளை சாப்பிட்ட கையோடு அந்தப் பாதிச் சுவரைச் சுற்றி வந்தார். காலடி வைத்து அளந்தார். "எங்க ஹாலும் கிச்சனும் சேர்ந்தா இவ்வளவுதான் வரும் அத்தை" என்றார். பிறகு, "பாட்டி, வீடு முடிஞ்சதும் கதவுக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதை முந்தின இரவு அண்ணன் பெருமையடித்திருந்தார். பாட்டி, "பலா மரம் நிக்குது, அதை அறுத்துப் போடுவோம். யானையும் அன்னமும் எங்களுக்கு எதுக்கு?" என்று சிரித்தார்.

இறங்கும்போது கோமுகி அணையருகில் அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. கரையில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளைதான் ஆரம்பித்தார்.

"என்கூட வேலை பார்க்கிறவங்கள்ல வீடு வாங்கின நாலு பேரை நேத்து ராத்திரி எண்ணிப் பார்த்தேன் அத்தை. நாலு பேருக்கும் அப்பாவோ மாமனாரோ முன்பணம் கொடுத்திருக்காங்க. சம்பளத்துல சேர்த்து வாங்கினவன் ஒருத்தனும் இல்ல. நானும் இப்ப அதைத்தானே கேட்டுக்கிட்டு நிக்கிறேன்."

"கேட்டதுல தப்பில்ல மாப்பிள்ளை. நாங்க கொடுக்கறதுக்குத்தானே இருக்கோம்" என்றேன். என் காலண்டர் தாளையும் அப்போதுதான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அந்த 12,000-த்தில் அவர் கண் நின்றது.

"மச்சானுக்கும் இதுல பங்கு இருக்கே" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. நான் சொல்லத் தயங்கியதை அவர் சொன்னதும் எனக்குத் தொண்டை அடைத்தது.

இங்கேயே வீடு கட்டினால் என்ன என்றும் பேசினோம். மேஸ்திரி சதுர அடிக்கு 2,200 சொல்கிறார். 700 சதுர அடிக்குப் பதினைந்தரை லட்சம். மனை நம்முடையது. 12 லட்சம் கடன் வாங்கினால் தவணை பத்தாயிரத்துச் சொச்சம்தான். ஆனால் இந்த ஊரில் அவருக்கு 55,000 கொடுக்க யார் இருக்கிறார்கள்? 2020 கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். இப்போது வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் கட்டாயம். சம்பளம் கிடைக்கிற ஊரில் வீட்டு விலையும் சேர்ந்தே ஏறிவிடுகிறதே!

பஸ் வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்தோம். மனையை விற்பதில்லை. 62 லட்சம் வீட்டை விட்டுவிடுவது. குழந்தைக்கு ஒரு வயசு ஆகட்டும். அதுவரை மாதம் 15,000 தபால் ஆபீஸில் போடுவது. பிறகு மறைமலைநகர்ப் பக்கம் யாராவது இருந்து விற்கிற சின்ன வீடு, ஒரே படுக்கையறை, 34 லட்சத்துக்குள் பார்ப்பது. 27 லட்சம் கடன் என்றால் தவணை இருபத்துமூன்றரை ஆயிரம்; ஒருவர் சம்பளத்தில் தாங்கும். நான் கட்டுகிற சீட்டை அதற்குத் தருவதாகச் சொன்னேன். பெரிய சமர்த்தர்கள் போல வீட்டுக்கு வந்தோம்.

மகள் எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள்.

"நீங்க ரெண்டு பேரும் மலை ஏறி முடிவு பண்ணிட்டு வந்துட்டீங்க. என்னைக் கேட்டீங்களா? நானும்தானே சம்பாதிக்கிறேன். நான் வேலையை விட்டுடுவேன்னு நீயே எப்படிம்மா முடிவு பண்ணினே?"

நியாயமான கேள்வி. என் காலண்டர் தாளில் நான் முதலில் அடித்தது அவளுடைய 32,000-த்தைத்தான். அவளைக் கேட்காமலே. எனக்குப் பதில் வரவில்லை. அம்மாதான் அவள் தலையைத் தடவி, "சாப்பிட்டுட்டு அழுடி, வயித்துல பிள்ளை இருக்கு" என்றார். ராத்திரி வெகு நேரம் புருஷனும் பெண்டாட்டியும் மொட்டை மாடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் காது கொடுக்கவில்லை. கொடுத்தாலும் கேட்டிருக்காது.

காலையில் அவள் முகம் தெளிந்திருந்தது. வீட்டுக்காக வேலையை விடமாட்டேன், ஆனால் 43,000 தவணைக்காக வேலையில் மாட்டிக்கொண்டு குழந்தையைப் பார்க்காமலும் இருக்கமாட்டேன் என்றாள். காலண்டர் தாளை வாங்கி என் கணக்கின் கீழே தன் கையால் வேறு கணக்குப் போட்டாள். காப்பகச் செலவு 8,000 என்று ஒரு வரி அதில் இருந்தது. நான் போடாத வரி. அப்படிப் போட்டாலும் மறைமலைநகர்தான் வந்தது. "இடையில வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னா உன் வீட்டுக்குத்தான் வருவேன், ரெண்டு ரூமாச்சேன்னு சொல்லக்கூடாது" என்றாள். சொல்வேனா!

அப்புறம் அவள்தான் கேட்டாள்: "மனைக்குப் பட்டா உன் பேர்ல இருக்கா?"

பத்திரம் என் பெயரில் இருக்கிறது. அப்பா 2003-ல் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். பீரோவில் ரவிக்கைத் துணிகளுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் பட்டா? இத்தனை வருஷமாக நான் மாற்றவே இல்லை. வரன்முறைப் பணம் கட்டியபோதே அண்ணன் சொன்னாராம். எனக்குக் காதில் ஏறவில்லை. காகிதம் இல்லாமல் மலையில் ஒருத்தர் மனு மேல் மனு எழுதுகிறார். காகிதம் கையில் இருந்தும் நான் சோம்பலாக இருந்திருக்கிறேன். தரகரும் இதைப் பார்த்தால் விலையைக் குறைத்திருப்பார் என்று அண்ணன் சொன்னார்.

திங்கட்கிழமை காலையில் பஸ் ஏறுவதற்கு முன் இ-சேவை மையத்துக்குப் போனோம். பத்திர நகல், வில்லங்கச் சான்று, ஆதார் கொடுத்து மனு போட்டாயிற்று. உட்பிரிவு செய்ய வேண்டியிருப்பதால் சர்வேயர் வந்து அளக்க வேண்டுமாம். ஒப்புகைச் சீட்டை மகள் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டாள். சர்வேயர் வருகிற அன்று மனை சுத்தமாக இருக்க வேண்டும் என்று அண்ணன் எருக்குச் செடிகளை வெட்ட ஆள் சொல்லியிருக்கிறார்.

அடுத்த மாதம் நான் மட்டும் போகிறேன். அண்ணன் மகள் மலைத் தேன் ஒரு பாட்டிலும் கடுக்காயும் கொண்டுவந்து வீட்டில் வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். பாட்டி வீட்டுச் சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டதாம்.